டீமா, ஆளா? நாம யாரோட ரசிகர்? தர்மபுரி, கிருஷ்ணகிரி பிஜிஎம்ஐ மக்கள் எல்லாரும் வாங்க

பாலக்கோடு பாண்டா (இழை தொடங்கியவர்)
சனி, இரவு 10:14

ரொம்ப நாளா மனசுல கிடக்குற கேள்வி, இன்னிக்குக் கேட்டுடறேன். (புதுசா வர்றவங்களுக்கு: பிஜிஎம்ஐங்கறது பப்ஜி மொபைலோட இந்தியப் பதிப்பு, நாலு நாலு பேர் டீமா போன்ல ஆடுற துப்பாக்கிச் சண்டை ஆட்டம்.) நாம ஒரு டீமுக்கு ரசிகரா, இல்ல அதுல ஆடுற ஒரு ஆளுக்கு ரசிகரா?

நான் சோல்ங்கற டீம் பக்கம். 2019 மார்ச்சுல ஐதராபாத்துல பிஎம்ஐஎஸ்ங்கற பப்ஜி மொபைல் போட்டி ஃபைனல்ல மார்ட்டல், ரோனக், வைப்பர், ஓவைஸ் கப்பைத் தூக்குனதைப் பாத்ததுல இருந்து அந்த லோகோ மேல ஒரு பிடிப்பு. 2022ல அதே சோல் பிஎம்பிஎஸ்ங்கற பிஜிஎம்ஐ போட்டியை ஜெயிச்சப்ப ஆடுனது ஒமேகா, கோப்ளின், ஹெக்டர், அக்ஷட். வேற ஆளுங்க, வேற ஆட்டம். ஆனா எனக்குச் சந்தோஷத்துல ஒரு குறையும் இல்ல. பேர் அதே பேர்தானே.

இப்ப என்ன ஆகுதுன்னா, ரோஸ்டர், அதாவது டீம் ஆளுங்களை மாத்துற சீசன் வந்தாலே எங்க வாட்ஸ்அப் குரூப் ரெண்டா உடையுது. பிடிச்ச பிளேயர் டீம் மாறுனதும் பாதிப் பேர் டிபி மாத்திடறாங்க. நேத்து வரைக்கும் தோள் மேல கை போட்டுக் கத்துனவன், இன்னிக்குப் பழைய டீமை "கதை முடிஞ்சுது"ன்னு எழுதறான். போன ஃபைனல்ஸை எல்லாரும் சேர்ந்து பாத்தப்ப, நாக் ஆன (சுடப்பட்டு விழுந்த) ஒரு பிளேயரோட அம்மாவை இழுத்துத் திட்டுனான் ஒரு பத்தாவது படிக்கிற பையன். போன சீசன்ல அவன் போன் வால்பேப்பரே அந்த பிளேயர்தான். அது எனக்கு ராத்திரி முழுக்க உறுத்திக்கிட்டே இருந்துது.

ரசிகன்னா யாருன்னு நீங்க நினைக்கிறீங்க? பொறுமையா எழுதுங்க, ஒவ்வொண்ணையும் படிக்கறேன்.

ஜெனரல் ஷிஃப்ட் ஜோ
சனி, இரவு 10:51

நான் ஆள் பக்கம்.

ஜோனாத்தன்ங்கற பிளேயரை, அவர் டிஎஸ்எம் என்டிட்டி டீம்ல ஆடும்போதே பாக்க ஆரம்பிச்சவன். 2021ல அவர் காட்லைக் டீமுக்குப் போனாரு, நானும் போனேன். இதுல என்ன துரோகம் இருக்கு? டீம்ங்கறது ஒரு கம்பெனி. முதலாளி இருக்காரு, ஸ்பான்சர் இருக்காங்க, ஒப்பந்தம் இருக்கு. பாயின்ட் வரலைன்னா பிளேயரை அனுப்பிட்டு அடுத்த நாள் புது போஸ்டர் போடுவாங்க. அவங்களுக்கு இல்லாத விசுவாசம் எனக்கு மட்டும் எதுக்கு?

ஓசூர்ல எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு கிருஷ்ணகிரி பஸ் ஏறுனா போன்ல சார்ஜ் பாதி கூட இருக்காது. வெளிச்சத்தை அடியோட குறைச்சு, போனைச் சட்டைப் பையில போட்டுட்டு வர்ணனையை மட்டும் காதுல கேப்பேன். சூளகிரி தாண்டுறப்போ சிக்னல் போகும், வரும். ஜோன் (பாதுகாப்பா நிக்கக்கூடிய வட்டம்) சுருங்குது, மத்த மூணு பேரும் போயிட்டாங்க, இவர் ஒருத்தர் மட்டும் மதில் பின்னாடி நிக்கறாருன்னு வர்ணனையாளர் குரல் ஏறும். முன் சீட்டுக் கம்பியை நான் பிடிக்கிற பிடியில பக்கத்துல இருக்கறவர் திரும்பிப் பாப்பாரு. அந்த நேரத்துல எனக்கு லோகோ ஞாபகத்துக்கு வராது. தனியா மாட்டிக்கிட்டும் கை நடுங்காம ஆடுற ஒரு ஆள்தான் கண்ணுக்குத் தெரியும். எங்க தெருவுல அவரைப் பாத்து கைரோ சென்சிட்டிவிட்டி (போனைச் சாய்ச்சுக் குறி பாக்குற வேகம்) மாத்தி வைக்காத பையனே கிடையாது.

அம்மாவைத் திட்டுறதுக்கு எந்த நியாயமும் இல்ல. அதுல பாண்டாவும் நானும் ஒண்ணுதான்.

சூளகிரி ரஷ்
சனி, இரவு 11:20

எனக்கு ஐஜிஎல்தான், அதாவது ஆட்டத்துக்குள்ள டீமை வழிநடத்துற கேப்டன்தான் ஹீரோ. சுடுறவனைக் கேமரா காட்டும், யோசிக்கிறவனைக் காட்டாது.

ஒரு மேட்ச்ல 16 டீம், 64 பேர். ஜெயிச்ச டீமுக்கு 10 பாயின்ட், ரெண்டாவதுக்கு 6, அப்புறம் 5, 4, 3, 2, ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் ஒண்ணொண்ணு. ஒரு ஃபினிஷுக்கு, அதாவது ஒரு எதிரியை முடிச்சா, ஒரு பாயின்ட். இதை வச்சுக்கிட்டு நான் ஒரு நோட்டுல ஓட விட்டு எழுதிக்கிட்டே பாப்பேன். கடைசி நாள் கடைசி மேட்ச்ல, சண்டைக்கே போகாம ஒரு டீம் ஓரமா ஜீப்பை நிறுத்திட்டுக் காத்திருக்கும். சாட்ல எல்லாரும் "பயந்தாங்கொள்ளி"ன்னு எழுதுவான். நோட்டைப் பாத்தா தெரியும், அவங்களுக்கு நாலாவது இடம் வந்தாலே கப் கையில. அந்த முடிவை எடுக்க எவ்வளவு தைரியம் வேணும்! ஒரு பொது அரங்கத்துல, ஆயிரக்கணக்கான பேர் கத்தும்போது, "யாரும் சுடாதீங்க, நில்லுங்க"ன்னு சொல்ல வேண்டியவன் 20 வயசுப் பையன்.

பாயின்ட் டேபிள் போடத் தெரிஞ்சவன் எவனும் எதிர் டீமைத் திட்ட மாட்டான். அவனுக்குத் தெரியும், எதிரியும் சரியாத்தான் ஆடியிருக்கான்னு.

ஓசூர் 1.6
ஞாயிறு, காலை 7:35

தம்பிகளா, உங்களை விட வயசுல மூத்தவன். ஓசூர்ல பிரவுசிங் சென்டர்ல மணிக்குக் காசு கட்டி கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடுன தலைமுறை. டீமா ஆளாங்கற சண்டை உங்க காலத்துல பொறந்ததில்ல. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

தென் கொரியாவுல 1998ல வந்த ஸ்டார்கிராஃப்ட்ங்கற கம்ப்யூட்டர் ஆட்டம்தான் இந்த ரசிகர் கூட்டத்துக்கே தாய்வீடு. லிம் யோ-ஹ்வான்னு ஒருத்தர், 'பாக்ஸர்'ங்கறது ஆட்டப் பேர். அவரோட ரசிகர் மன்றத்துல லட்சக்கணக்கான பேர் இருந்தாங்க. 2004ல பூசான் நகரத்துல குவாங்கல்லி கடற்கரையிலயே மேடை போட்டு புரோலீக் ஃபைனல் நடத்துனாங்க. ஒரு லட்சம் பேர் கூடுனதா அன்னிக்குச் செய்தி வந்துது. அது தனி ஆள் போட்டி இல்ல, டீம் போட்டி. ஆளுக்காக வந்தவன் டீமுக்காக நின்னான். அதே ஸ்டார்கிராஃப்ட்ல 2010ல மேட்ச் ஃபிக்ஸிங் வெளிய வந்துச்சு. சாம்பியனா இருந்த ஆளே மாட்டுனாரு. அவரை உயிரா நினைச்ச ரசிகர்கள் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஜோ தம்பி, ஆளை மட்டும் நம்புறதுல இருக்கிற ஆபத்து இது.

அடுத்தது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கற கம்ப்யூட்டர் ஆட்டத்துல கொரியா பிளேயர் ஃபேக்கர். 2013, 2015, 2016ல உலகக் கோப்பை. 2017ல பெய்ஜிங் ஃபைனல்ல சாம்சங் கேலக்ஸிகிட்ட 3-0னு தோத்து, கீபோர்டு முன்னாடி தலையைக் கவுத்து அழுதாரு. அதுக்கப்புறம் 2023 வரைக்கும் உலகக் கோப்பை கிடையாது. நடுவுல சீனாவுல இருந்தெல்லாம் பெரிய விலைக்கு அழைப்பு வந்ததாப் பேச்சு, அவர் தன்னோட டீம் டி1-ஐ விட்டுப் போகல. 2023, 2024, 2025னு வரிசையா மூணு. ஆகமொத்தம் ஆறு. பாண்டா கேட்ட கேள்விக்கு அங்க வேலையே இல்ல, ஆளும் டீமும் ஒண்ணாப் போயிருச்சு.

ஆனா அந்த ரசிகர்கள் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. நிர்வாகம் தப்புப் பண்ணுதுன்னு பட்டா, காசு வசூல் பண்ணி, எல்இடி திரை மாட்டுன லாரியை வாடகைக்கு எடுத்து, டீம் ஆபீஸ் வாசல்ல நிறுத்தி, தங்களோட கோரிக்கையை எழுத்தா ஓட விடுவாங்க. நிர்வாகத்தைக் கேள்வி கேக்குற உரிமை ரசிகனுக்கு உண்டு. அதுக்கு பிளேயரோட அம்மா தேவையில்ல.

கடைசியா ஒண்ணு. 2004ல கலிஃபோர்னியாவுல எவோ போட்டி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3, ரெண்டு பேர் நேருக்கு நேர் மோதுற சண்டை ஆட்டம். டைகோ உமெஹாராவுக்கு உயிர் நூலளவு. எதிர்ல ஆடுற ஜஸ்டின் வாங், சுன்-லிங்கற பாத்திரத்தை வச்சு 15 அடி கொண்ட சூப்பர் தாக்குதலை அவுத்து விடறாரு. ஒரு அடி பட்டாலும் முடிஞ்சுது, தடுத்தாக்கூட உயிர் போயிரும். டைகோ ஒவ்வொரு அடியையும் அது வந்து படுற கணத்துல முன்னாடி தட்டி 'பேரி' பண்றாரு, அதாவது சேதமே இல்லாம தள்ளி விடறாரு. அந்த வீடியோவைச் சத்தமில்லாமப் போட்டுப் பாருங்க, ரெண்டு பொம்மை ஆடுது. சத்தத்தோட பாருங்க, உடம்பு சிலிர்க்கும். அதுல "ஜஸ்டின்!"னு கத்துற குரல் கேக்கும். அடுத்த சில நொடியில மொத்தக் கூட்டமும் டைகோவுக்காக எழுந்து நிக்குது. இத்தனைக்கும் அந்தப் போட்டியில டைகோ கோப்பை ஜெயிக்கல, ஃபைனல்ல தோத்துட்டாரு. கோப்பை யாருக்குப் போச்சுங்கறது இன்னிக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும்.

பர்கூர் நிலா
ஞாயிறு, காலை 9:02

எல்லாரும் "பையன்", "தம்பி", "அவன்"ன்னே எழுதறீங்க. நானும் இந்த ஆட்டத்தோட ரசிகைதான். காலேஜ் படிக்கிறேன். பிஜிஎம்ஐ ஆடறேன், வாலரன்ட் ஆட்ட மேட்ச் பாக்கறேன், சோலுக்காக அழுதும் இருக்கேன்.

ஆனா ஆட்டத்துல என் ஐடியைப் பாத்து யாரும் பொண்ணுன்னு கண்டுபிடிக்க முடியாது, அப்படித்தான் பேர் வச்சிருக்கேன். மைக் ஆன் பண்ண மாட்டேன். ஆன் பண்ணா என்ன நடக்கும்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். "நம்பர் குடு"ல ஆரம்பிக்கும், குடுக்கலைன்னா எதுல முடியும்னு நான் எழுத விரும்பல. டீம் ஆளா எதிரி எங்க இருக்கான்னு நான் சொல்லணும், ஆனா வாயைத் திறக்க முடியாது. மேப்ல புள்ளி வச்சு வச்சுக் காட்டறேன். அப்படித்தான் என் ரேங்க் வந்துது.

2021 ஜூன் மாசம் ஞாபகம் இருக்கா? லைவ்ல பெண்களைக் கேவலமாப் பேசியே சம்பாதிச்ச ஒரு பப்ஜி யூட்யூபரைப் போலீஸ் பிடிச்சது நம்ம தர்மபுரியிலதான். நாடு முழுக்க செய்தியில தர்மபுரி பேர் வந்துச்சு. அந்த ஆளைப் பத்தி எழுத எனக்கு ஒண்ணும் இல்ல, சட்டம் பாத்துக்கும். அவரைக் கேட்டுச் சிரிச்சு, சூப்பர் சாட்ல காசு போட்டு, "அண்ணா இன்னும் பேசுங்க"ன்னு எழுதுன கூட்டத்தைப் பத்தித்தான் எனக்கு இன்னிக்கும் கோபம். அவங்களும் தங்களை ரசிகர்னுதான் சொல்லிக்கிட்டாங்க. அதுல என் கிளாஸ் பசங்களும் இருந்தாங்க.

கொரியாவுல ஃபேக்கர் மேட்ச்சுக்கு அரங்கத்துல பெண்கள் பெருங்கூட்டமா வந்து, பலகையில எழுதித் தூக்கிப் பிடிச்சு உக்காந்திருக்கறதைப் பாக்கும்போது எனக்கு ஏக்கமா இருக்கும். நீங்க தர்மபுரியில சேர்ந்து பாக்கறீங்கன்னு ஒவ்வொரு தடவையும் இங்க படிக்கறேன். வரணும்னு ஆசை. வந்ததில்ல. பாண்டா எழுதுன அந்தப் பத்தாவது பையன் அம்மாவைத் திட்டுன இடத்துல நான் எப்படி உக்கார்றது?

பாலக்கோடு பாண்டா
ஞாயிறு, காலை 9:30

நிலா, இதை நீங்க எழுதுனதுக்கு நன்றி. நேராக் கேக்கறேன்: நீங்க வரணும்னா என்னென்ன இருக்கணும்?

பர்கூர் நிலா
ஞாயிறு, காலை 9:48

பெருசா ஒண்ணும் இல்ல. தனி ரூம் இல்லாம, பெரியவங்க யாராவது இருக்கற பொது இடம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முடியணும், பர்கூருக்கு நான் பஸ் பிடிக்கணும். கெட்ட வார்த்தை பேசுனா, அவன் எந்த டீம் ரசிகனா இருந்தாலும் அப்பவே வெளிய அனுப்பணும், "விடுங்க, சின்னப் பையன்"னு சொல்லக் கூடாது. தங்கச்சியையும் கூட்டிட்டு வருவேன்.

கோபசந்திரம் காளை
ஞாயிறு, காலை 11:16

எங்க ஊர் எருது விடும் விழாவை வச்சு ஒண்ணு சொல்லணும். எங்களுக்குக் காளைதான் பிளேயர். பேர் இருக்கு, கொம்புல தட்டி கட்டுவோம், பேனர் அடிப்போம், அது ஓடி வர்ற நேரத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்போம். காளை கை மாறுனா, வித்தவன் ஊரும் வாங்குன ஊரும் ரெண்டும் கத்தும். அதனால டீமா ஆளாங்கறது எனக்குப் பெரிய கேள்வியாப் படல.

எனக்கு உறைக்கிறது வேற. 2023 பிப்ரவரியில விழாவுக்கு அனுமதி இழுபறி ஆனப்ப ஜனங்க ஓசூர் - கிருஷ்ணகிரி ஹைவேயையே மறிச்சாங்க. கல்லு வீசுனது தப்பு, அதை நான் நியாயப்படுத்தல. ஆனா போய்க் கேக்கறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. கலெக்டர் இருக்காரு, தாசில்தார் இருக்காரு, மந்தை இருக்கு, காளை எங்க கொட்டாயில நிக்குது. விழா எங்களோடது.

2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைல் தடையில போச்சு. 2022 பிப்ரவரி 14ல ஃப்ரீ ஃபயர் போச்சு. அதே வருஷம் ஜூலை 28ல பிஜிஎம்ஐயை ஆப் ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க. சோல் பிஎம்பிஎஸ் ஜெயிச்சு ரெண்டு மாசம் கூட ஆகல. திரும்ப வர 2023 மே ஆச்சு. பாதுகாப்புக் காரணம் சொன்னாங்க, அதைப் பத்தி நான் வாதாடல. நம்ம நிலைமையைப் பாருங்க. எங்க போய்க் கேக்கறது? மைதானம் ஒரு கம்பெனியோட சர்வர். விதியை அவங்க எழுதறாங்க. நாம உயிரைக் குடுத்துப் பாக்குற ஆட்டத்துல ஒரு புல் கூட நம்மளோடது இல்ல.

அந்தப் பத்து மாசம் என்ன மிஞ்சுச்சு? இந்த ஃபோரம் மிஞ்சுச்சு. பழைய மேட்ச் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பேசுனோம். பிளேயருங்க வேற ஆட்டம் ஸ்ட்ரீம் பண்ணாங்க, அதையும் போய்ப் பாத்தோம். அப்போ யாரும் யார் அம்மாவையும் திட்டல, ஏன்னா எல்லாருக்கும் ஒரே இழப்பு. நம்மகிட்ட இருக்கற சொத்து நாம மட்டும்தான். டீம் ரசிகனும் ஆள் ரசிகனும் அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சுட்டா, அடுத்த தடவை ஆட்டம் போகும்போது மிஞ்சறதுக்கு ஒண்ணும் இருக்காது.

ஜெனரல் ஷிஃப்ட் ஜோ
ஞாயிறு, மதியம் 12:05

> நம்மகிட்ட இருக்கற சொத்து நாம மட்டும்தான்.

அண்ணே, இது அப்படியே மனசுல இறங்கிருச்சு. ஒண்ணு சேத்துக்கறேன். அந்தப் பத்து மாசத்துல பிளேயருக்கும் நம்மளை விட்டா ஆள் இல்ல. போட்டி இல்லைன்னா ஸ்பான்சர் இல்ல, ஸ்பான்சர் இல்லைன்னா சம்பளம் இழுபறி. ஸ்ட்ரீம் பாத்த ரசிகனாலதான் பல பேர் தாக்குப் பிடிச்சாங்க. அதனாலதான் நான் ஆள் பக்கம்னு சொன்னது.

காவேரிப்பட்டணம் ஆசிரியர்
ஞாயிறு, மதியம் 2:40

நான் பள்ளி ஆசிரியர். என் மகன் இந்த இழையை எனக்குக் காட்டினான். முழுவதும் படித்தேன். உங்கள் அன்பின் ஆழம் புரிகிறது. ஆனால் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் என்று இந்த ஆட்டம் 2021இல் வந்தபோதே வரம்பு வைத்தார்கள். மாம்பழ மண்டியில் மூட்டை தூக்குபவரின் மகனுக்கு ஒரு நாளைக்கு 7,000 என்பது வரம்பா? அந்த வரம்பும் வயதைச் சரியாகப் போட்டால்தான் வேலை செய்யும். என் வகுப்பில் பாதிப் பேர் அப்பா போனில், அப்பா வயதில் ஆடுகிறார்கள். பிடித்த ஆட்டக்காரர் பேரைச் சொல்லி வாசிக்க வேண்டும் என்பதற்காக, ஸ்ட்ரீமில் பணம் அனுப்பிய ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அது அவன் அம்மா மகளிர் குழுக் கடனுக்குக் கட்ட வைத்திருந்த தவணை. அவர் பேரை வாசித்தாரா என்று கேட்டேன். வாசித்தார் சார் என்றான், முகம் மலர்ந்து. என்னால் அவனைத் திட்ட முடியவில்லை.

அன்பைக் காட்டப் பணம்தான் வழி என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தந்தது? அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், உங்கள் பேச்சைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

ஓசூர் 1.6
ஞாயிறு, மாலை 3:25

ஐயா, வணக்கம். நீங்க கேட்டது சரியான கேள்வி. டோட்டா 2ங்கற கம்ப்யூட்டர் ஆட்டத்துல இது உலக அளவுலயே நடந்துச்சு. 'தி இன்டர்நேஷனல்'ங்கற போட்டிக்கு ரசிகர்கள் பேட்டில் பாஸ் (ஆட்டத்துக்குள்ள காசு குடுத்து வாங்குற பாஸ்) வாங்குனா அதுல 25 சதவீதம் பரிசுத் தொகையில சேரும். 2021ல புக்காரெஸ்ட்ல நடந்தப்ப பரிசு 4 கோடி டாலரைத் தாண்டுச்சு. ரசிகருங்க பெருமைப்பட்டாங்க, "நம்ம காசு, நம்ம கோப்பை"ன்னு. மிச்ச 75 சதவீதம் கம்பெனிக்குப் போச்சு. அந்த வருஷம் கொரோனாவால அரங்கத்துக்குள்ள ஒரு ரசிகனையும் விடல. காசு குடுத்தவன் எல்லாம் வீட்டுல இருந்து பாத்தான். அப்புறம் அந்த பேட்டில் பாஸையே கம்பெனி கைவிட்டுச்சு, 2024ல கோபன்ஹேகன்ல பரிசு 26 லட்சம் டாலர் பக்கம் வந்து நின்னுது. ஆட்டம் அதே தரம்தான். பாத்தவன் சந்தோஷமும் அதேதான்.

காசு குடுக்காதவன் ரசிகன் இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க தம்பிகளா. பேட்டில் பாஸ் வாங்காம ஒரு மேட்ச் விடாமப் பாத்தவன் நான்.

சூளகிரி ரஷ்
ஞாயிறு, மாலை 3:50

சூப்பர் சாட் போட வேணாம்னு நம்ம ஃபோரம் முகப்புலயே ஒரு வரி போடணும். 18க்குக் கீழ இருக்கற யாரும், எந்த பிளேயருக்கும். இதுக்கு நான் கை தூக்கறேன். இன்னொண்ணு, "ஃபைனல்ஸ்ல யாரு ஜெயிப்பான்னு ஆளுக்கு நூறு ரூபா வைப்போம்"னு போன மாசம் ஒருத்தர் இங்க எழுதியிருந்தாரு. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தைத் தடை பண்ணிட்டு, இ-ஸ்போர்ட்ஸை (போட்டியா ஆடுற வீடியோ கேம்) தனியா அங்கீகரிச்சிருக்கு. பல வருஷம் "சூதாட்டம்"னு வீட்டுல திட்டு வாங்குன நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! பந்தயம் கட்டி அதை நாமளே கெடுத்துக்கக் கூடாது.

காரிமங்கலம் ஐஜிஎல்
ஞாயிறு, மாலை 5:18

காலையில இருந்து படிச்சுக்கிட்டு இருக்கேன். எழுதலாமா வேணாமான்னு இருந்துச்சு, எழுதிடறேன்.

நாங்க நாலு பேரும் காரிமங்கலம், பாலக்கோடு பக்கம். ஓப்பன் குவாலிஃபையர் (யாரும் சேரக்கூடிய தகுதிச் சுற்று) ஆடறோம். ரெண்டு பேர் பாலிடெக்னிக், ஒருத்தன் தக்காளி லோடு ஏத்துற வேலை, நான் செராக்ஸ் கடையில இருக்கேன். ஸ்க்ரிம்ஸ் (பயிற்சி மேட்ச்) ராத்திரிதான், அப்பதான் நெட் நிக்கும். எங்க டீம்ல சப்போர்ட்டரா ஆடுறவன் வீட்டு மாடியில தண்ணித் தொட்டி பக்கத்துல மட்டும்தான் பிங் (நெட் தாமதம்) 60க்குள்ள வரும், அதனால மழை வந்தாலும் அவன் குடையைப் பிடிச்சுக்கிட்டு அங்கதான் உக்காந்து ஆடுவான். போன் சூடாகி ஃப்ரேம் விழுந்து படம் திக்குனா, பின்னாடி ஈரத்துணி ஒத்தி எடுத்துட்டு அடுத்த மேட்ச். ஒரு தடவை பக்கத்து ஊர்ல ஒரு போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டுனோம், நடத்துனவங்க காசை வாங்கிட்டு குரூப்பையே கலைச்சுட்டாங்க. அந்தப் பணத்தை எங்க அக்காகிட்ட வாங்கியிருந்தேன்.

இதுக்கெல்லாம் அனுதாபம் கேட்டு எழுதல. நீங்க ஆள் ரசிகர், டீம் ரசிகர், ஐஜிஎல் ரசிகர்னு பேசறீங்க. எங்க குவாலிஃபையர் மேட்ச் யூட்யூப்ல ஓடுனப்ப பாத்தவங்க ஒம்பது பேர். அதுல நாலு பேர் எங்க வீட்டு ஆளுங்க. ஸ்க்ரீன்ல தர்மபுரி மாவட்டத்து டீம் ரெண்டாவது இடத்துல முடிச்சுது, சாட் காலியா இருந்துச்சு. மும்பையில இருக்கற ஒருத்தருக்காக இங்க நாற்காலி உடையுது. எங்களுக்கு ஒரு "நல்லா ஆடுனீங்க" வரல.

ஜெனரல் ஷிஃப்ட் ஜோ
ஞாயிறு, மாலை 5:41

தம்பி, உண்மையைச் சொல்லணும்னா நான் ஓப்பன் குவாலிஃபையர் பாக்கறதில்ல. மேல் மட்டத்து ஆட்டத்தோட வேகம் வேற. எனக்குப் பிடிச்சது அந்தத் தரம். நம்ம ஊர்ங்கறதுக்காக மட்டும் ஒரு டீமைப் பிடிக்கணுமா?

காரிமங்கலம் ஐஜிஎல்
ஞாயிறு, மாலை 5:55

வேணாம் அண்ணா. பாத்துட்டு நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னே சொல்லுங்க, எங்க ரொட்டேஷன்ல (மேப்ல இடம் மாறுற விதத்துல) என்ன தப்புன்னு சொல்லுங்க. யாருமே பாக்காம இருக்கறதை விட அது எவ்வளவோ மேல். ஜோனாத்தனையும் யாரோ ஒருத்தர் முதல்ல பேர் தெரியாத காலத்துல பாத்திருப்பாங்கல்ல?

ஜெனரல் ஷிஃப்ட் ஜோ
ஞாயிறு, மாலை 6:03

பாக்கறேன். கண்டிப்பாப் பாக்கறேன். எப்ப மேட்ச்?

காரிமங்கலம் ஐஜிஎல்
ஞாயிறு, மாலை 6:10

வர்ற ஞாயிறு, மதியம் 2 மணி. மூணு மேட்ச், எராங்கல் மேப்ல ரெண்டு, மிராமார் மேப்ல ஒண்ணு.

கோபசந்திரம் காளை
ஞாயிறு, மாலை 6:22

நான் வர்றேன். பேனர் அடிச்சுட்டு வர்றேன். டீம் பேரை எப்படி எழுதணும்னு அனுப்புங்க.

காவேரிப்பட்டணம் ஆசிரியர்
ஞாயிறு, இரவு 7:15

எங்கள் வீட்டுக்குக் கீழே டியூஷன் நடத்தும் கூடம் இருக்கிறது. ஞாயிறு மதியம் காலியாகத்தான் இருக்கும். ஹைவேயிலிருந்து நடக்கும் தூரம், தர்மபுரி பஸ்ஸும் கிருஷ்ணகிரி பஸ்ஸும் நிற்கும். நானும் என் மனைவியும் இருப்போம். ஐந்தரைக்குள் முடித்துவிட வேண்டும். பர்கூர் மாணவி தங்கையுடன் வரலாம். எனக்கு ஆட்டம் தெரியாது, பாயின்ட் கணக்கை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

சூளகிரி ரஷ்
ஞாயிறு, இரவு 7:24

சார், நான் நோட்டோட வர்றேன். கரும்பலகை இருக்குமா? டேபிளை அதுலயே போட்டுடலாம், எல்லாருக்கும் தெரியும்.

பர்கூர் நிலா
ஞாயிறு, இரவு 8:05

வர்றோம் சார். ஐஜிஎல் தம்பி, உங்க டீம் முந்தைய மேட்ச் லிங்க் இருந்தா அனுப்புங்க, வர்றதுக்கு முன்னாடி பாத்துட்டு வர்றேன். மிராமார்ல நீங்க எங்க டிராப் ஆகி இறங்கறீங்கன்னு தெரியணும்.

பாலக்கோடு பாண்டா
ஞாயிறு, இரவு 8:40

அப்ப இடம் முடிவு. ஆசிரியர் ஐயாவோட முகவரியை இங்க யாரும் போடாதீங்க, வர்றவங்களுக்கு நான் தனியா அனுப்பறேன். புரொஜெக்டர் நான் கொண்டு வர்றேன். நிலா கேட்ட விதி அப்படியே பொருந்தும்: வாய் தவறுனா எழுந்து வெளிய போகணும், சோல் ஜெர்சி போட்டிருந்தாலும். அந்தப் பத்தாவது பையன்கிட்டப் பேசிட்டேன், வரணும்னு சொல்றான். விதியைச் சொல்லித்தான் கூட்டிட்டு வருவேன்.

காரிமங்கலம் ஐஜிஎல்
ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, சார். பசங்ககிட்டச் சொன்னேன், தக்காளி லோடுக்குப் போறவன் அன்னிக்கு லீவு கேட்டுட்டான்.

ரெண்டே விஷயம். ஸ்ட்ரீம் சில நிமிஷம் தாமதமா ஓடும், அதனால நீங்க பாக்கும்போது எங்களுக்குப் போன் பண்ணி எதுவும் சொல்லிடாதீங்க, டீமையே தகுதி நீக்கம் பண்ணிடுவாங்க. அப்புறம், அதே லாபியில (மேட்ச் குழுவுல) அரூர் பசங்க டீம் ஒண்ணு இருக்கு. எராங்கல்ல எங்களுக்கும் அவங்களுக்கும் போச்சிங்கிங்கற இடத்துப் பக்கம் முதல்லயே மோதல் வரும். போன தடவை அவங்க எங்களை அங்கேயே முடிச்சாங்க. அவங்க சாட்டும் காலியாத்தான் இருக்கும், அவங்களுக்கும் யாராவது நாலு வார்த்தை எழுதுங்க. லிங்க் சனிக்கிழமை போடறேன்.